பாதம், தட்டு, நடை: இந்த வரிசை மாறக் கூடாது

ஐரோப்பாவுக்குப் போகும் தோல் ஷூவைப் பகல் முழுக்கத் தைத்துவிட்டு, தேய்ந்த ரப்பர் செருப்பில் வீடு திரும்புகிறவர்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரியவந்ததும் ஊரே சொல்லும் முதல் யோசனை, "காலையில் எழுந்து நட." மறுநாளே அதே செருப்பில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார். பத்து நாளில் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். வலிக்கவில்லை, ஆகவே நடையை நிறுத்தவில்லை. கொப்புளம் உடைந்து புண்ணாகி, காலுறையில் கறை பட்ட பிறகுதான் பார்க்கிறார்.

நடக்கச் சொன்னதில் தவறில்லை. தொடங்கிய வரிசைதான் தவறு. முதலில் பாதத்தைப் பாருங்கள், அடுத்துத் தட்டைத் திருத்துங்கள், அதன்பின் நடங்கள். இந்த அத்தியாயமும் அந்த வரிசையிலேயே போகிறது.

கோட்பாடு இவ்வளவு போதும்

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் உயர்ந்தே இருந்தால் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது. உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, பீடி மூன்றும் அதை விரைவுபடுத்துகின்றன. பெரிய குழாய்கள் அடைபட்டால் இதயம், மூளை, கால் பாதிக்கப்படும். சிறிய குழாய்கள் கெட்டால் கண், சிறுநீரகம், நரம்பு. நரம்பு மங்கினால் காலில் முள் குத்தியதே தெரியாது. ரத்தம் குறைந்தால் அந்தக் காயம் ஆறாது. இரண்டும் சேரும் இடம் பாதம்.

நடக்கும்போது தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது. ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய் விரிந்து கொடுக்கிறது. தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையையும் இழுத்துக்கொள்கிறது. மருந்துக்கு இது மாற்று அல்ல, துணை. நடக்க ஆரம்பித்தோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இந்தியாப் (INDIAB) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் என்றும் கணக்கிட்டது. நீங்கள் தனியாள் இல்லை என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: ஒரே முறை, ஒரே வாரம்

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருகிற தன்னார்வலரிடமே எங்கே என்ன பரிசோதனை கிடைக்கும் என்று கேட்கலாம்.

1. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. பெரும்பாலோருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் என்பது இலக்கு.
2. ரத்த அழுத்தம். 130/80-க்குக் கீழ்.
3. கொழுப்பு, சிறுநீரகப் பரிசோதனை. சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.
4. கண்ணின் விழித்திரை. இதை விட்டுவிட்டு எடை தூக்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. விழித்திரையில் புதிய குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சடக்கிப் பளு தூக்கும்போது அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியலாம்.
5. கணுக்கால் ரத்த அழுத்தம். கையில் கட்டும் பட்டையையே கணுக்காலிலும் கட்டிப் பார்ப்பார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வந்தால் கால் குழாயில் அடைப்பு என்று பொருள். 1.4-க்கு மேல் வந்தாலும் மகிழ வேண்டாம். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கலாம்.

வயது, மற்ற நோய்களைப் பொறுத்து உங்கள் இலக்குகள் மாறும். மருத்துவர் எழுதித் தருவதே உங்களுக்கான எண்.

பாதம்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். காரணம் இருக்கிறது, சர்க்கரைப் பாதத்தைப் பற்றி உலகம் கற்றுக்கொண்ட ஒரு முக்கியமான பாடம் வேலூர்ப் பக்கத்தில்தான் தொடங்கியது.

1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் உள்ளங்காலில் வரும் புண்ணுக்குக் கிருமி நேர்க் காரணமல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே காரணம் என்று அவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் கண்டார்கள். அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்பு அந்த வேலையின் விளைவு. இன்றும் நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்வது அதைத்தான். காட்பாடி அருகே உள்ள கரிகிரி தொழுநோய் மையத்தில் இந்த வேலை வளர்ந்தது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குப் போன பிறகு, இதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் சர்க்கரை நோயாளிகளுக்கான காலணிகளில் வேலை செய்திருக்கிறது. ஆக, ஊரில் தோலும் இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. நம் காலில் மட்டும்தான் இல்லை.

*வீட்டிலேயே செய்யும் தொடு சோதனை*

1. படுத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். வீட்டில் ஒருவரை அருகில் உட்காரச் சொல்லுங்கள்.
2. அவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இரண்டு காலிலும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். மொத்தம் ஆறு இடம்.
3. ஒவ்வொரு தொடுதலும் ஒன்றிரண்டு விநாடிதான். அழுத்தவோ தட்டவோ கூடாது. இறகு படுவதுபோல இருந்தால் போதும்.
4. பட்டதும் "வலது", "இடது" என்று சொல்லுங்கள்.
5. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்திருக்கிறது. நடையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள்.

*தினசரிப் பார்வை, இரண்டு நிமிடம்*

இரவு கால் கழுவியதும் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டுங்கள். கொப்புளம், சிவப்பு, வெடிப்பு, நிறமாற்றம், ஒரு காலில் மட்டும் சூடு இவற்றைத் தேடுகிறீர்கள். டேனரியில் ஈரத்தில் நிற்பவர்கள் ரப்பர் பூட்ஸைக் கழற்றியதும் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள். சுண்ணாம்பும் உப்பும் பட்ட தோல் சீக்கிரம் வெடிக்கும். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது, விரலிடுக்கில் வேண்டாம். ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும்.

*அடிக்கடி நடக்கும் தவறுகள்*

ஆணிக்காலைத் தானே சீவிக்கொள்வது. தோல் சீவும் கத்தியைத் தினமும் கையில் பிடிப்பவருக்கு இந்தச் சபலம் கூடுதல். மரத்துப்போன காலில் எவ்வளவு ஆழம் போனோம் என்று தெரியாது. ஆணி நீக்கும் பிளாஸ்திரியும் வேண்டாம், அதில் இருப்பது அமிலம்.

மதமதப்புக்கு வெந்நீரில் கால் வைப்பது. சூடு உறைக்காத கால் வெந்துபோகும். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே கழுவுங்கள்.

வெறுங்கால் பிரார்த்தனை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் போகும் வேலூர்க்காரர் யாரையும் நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் தொடு சோதனையில் தவறியவர் வெறுங்காலில் அதைச் சுற்றுவது புண்ணைத் தேடிப் போவது. மசூதி முற்றமும் கோயில் பிராகாரமும் சித்திரை வெயிலில் அடுப்புக்கல் மாதிரி. தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வெயில் தாழ்ந்து போங்கள்.

*காலணி வாங்கும் முறை*

1. மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும்.
2. ஒரு தாளில் நின்று, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். அந்தத் தாளைக் காலணிக்குள் விடுங்கள். ஓரம் மடங்கினால் உங்களுக்கு அது சிறியது. தள்ளுபடி எவ்வளவு என்றாலும் வேண்டாம்.
3. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் வேண்டும். நீளமான விரல் எப்போதும் கட்டைவிரல் என்று இல்லை.
4. உணர்வு குறைந்தவர்கள் விரலிடுக்கில் வார் செருகும் செருப்பைத் தவிர்க்கவும். பின்பக்க வார் இருக்க வேண்டும். கழன்றுபோனால் தெரியாமலே நடந்துவிடுவோம்.
5. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றிப் பார்க்கும்போது சிவந்த தடம் இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்துகிறது. திருப்பிக் கொடுங்கள்.
6. ஒவ்வொரு முறையும் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கல், ஆணி, பிரிந்த தையல் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

குறிப்பு: விலையுயர்ந்த ஷூவும் அகலம் பொருந்தாவிட்டால் பயனில்லை. முன்பக்கம் கூரான ஃபார்மல் ஷூவில் நடைப்பயிற்சி வேண்டவே வேண்டாம்.

தட்டு

அளவுகோல் உங்கள் கைதான். வெந்த சோறு உங்கள் முஷ்டி அளவு. பருப்பு, முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உள்ளங்கை அளவு. காய்கறி இரண்டு கை நிறைய. சாப்பிடும் வரிசையும் முக்கியம்: முதலில் காய், பிறகு பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. அதே சாப்பாடுதான், சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. காய்க்கு நம் ஊரில் குறையே இல்லை. புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரி பக்கத்திலேயே விளைகிறது. ஆனால் அதை எண்ணெயில் மிதக்கவிட்டால் பாதிப் பலன் போச்சு.

எண்ணெய்: ஒருவருக்கு மாதம் அரை லிட்டர். நால்வர் வீட்டில் இரண்டு லிட்டரை ஒன்றாம் தேதி தனியாக எடுத்து வைத்துவிட்டு, மாதக் கடைசி வரை தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். முதல் மாதம் பெரும்பாலும் இருபதாம் தேதியே தீர்ந்துவிடும், பரவாயில்லை. பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். வனஸ்பதியும் அதில் செய்த பேக்கரிப் பண்டங்களும் குழாய்க்கு நேரடி எதிரி.

உப்பு: ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், எல்லாம் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே நாளில் தட்டில் இருந்தால் கணக்கு அப்போதே தாண்டிவிட்டது. மாற்று உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது.

கம்பெனி டீ: இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையோடு நாளைக்கு நான்கு டீ என்றால் எட்டுத் தேக்கரண்டி, சுமார் 40 கிராம். கூடவே பன். சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்த முடியாவிட்டால் வாரம் அரைக் கரண்டி குறையுங்கள். பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி சுண்டலோ வேர்க்கடலையோ டப்பாவில் கொண்டுபோங்கள்.

கேழ்வரகு: "களிதான் சாப்பிடுகிறேன், இருந்தும் சுகர் குறையவில்லை" என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். கேழ்வரகும் மாவுச்சத்துதான். ஆரஞ்சுப் பழ அளவு ஒரு உருண்டை, கிண்ணம் நிறையக் கீரையோடு என்றால் நல்ல சாப்பாடு. இரண்டு உருண்டை வெறும் குழம்போடு என்றால் சோற்றுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் களியைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும்.

*பிரியாணி நாள்*

ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியே கூடாது என்று எழுதினால் இந்தப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். எனக்கும் அப்படி எழுத மனம் வராது. இப்படிச் செய்யுங்கள்:

1. அன்று காலை உணவைத் தவிர்க்காதீர்கள். பட்டினியோடு பந்தியில் உட்கார்ந்தால் அளவு நிற்காது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் காத்திருப்பது அதைவிட ஆபத்து.
2. முதலில் வெங்காயத் தயிர்ப் பச்சடி ஒரு கிண்ணம்.
3. அடுத்து மூன்று நான்கு துண்டு கறி. கொழுப்பை ஒதுக்குங்கள்.
4. பிறகு சீரகச் சம்பாச் சோறு ஒரு கப். இரண்டாம் முறை பரிமாற வருகிறவரிடம் கையைக் காட்டுங்கள்.
5. பிரெட் அல்வா, மக்கன் பேடா இரண்டில் ஒன்று, அதிலும் பாதி.
6. எழுந்ததும் பதினைந்து நிமிடம் மெதுநடை. இரவுச் சாப்பாடு லேசாக.

*ரமலான் மாதம்*

மருத்துவரைப் பார்க்க வேண்டியது நோன்புக்கு ஆறு வாரம் முன்பே. இன்சுலின் போடுகிறவர், சிறுநீரகம் கெட்டவர், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தவர், காலில் புண் உள்ளவர் ஆகியோர் கேட்காமல் தொடங்கவே கூடாது. சஹரை முடிந்தவரை கடைசி நேரத்தில் சாப்பிடுங்கள். நோன்பு திறக்க ஒன்றிரண்டு பேரீச்சம்பழம், தண்ணீர், சிறு கிண்ணம் நோன்புக் கஞ்சி. சமோசா தட்டு பக்கத்தில் இல்லாமல் இருப்பது நலம். சர்க்கரை 70-க்குக் கீழ் போனாலோ 300-க்கு மேல் ஏறினாலோ அப்போதே நோன்பை முறித்துவிடுங்கள். விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்று மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாலை நேரத்தில் வேகநடை வேண்டாம். தராவீஹ் தொழுகையை அன்றைய உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நடை

இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் நடந்து கணக்கை நேர் செய்வது நம் ஆண்களின் பழக்கம். அதில் காலும் கெடும், பலனும் நிற்காது.

1. முதல் வாரம் சாப்பிட்ட பின் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை.
2. வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அவ்வளவு போதும்.
3. முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக.
4. கோடையில் காலை ஏழுக்கு முன், அல்லது மாலை ஆறுக்குப் பின். வேலூரில் கோட்டையைச் சுற்றி நடக்கலாம். ஆம்பூரில் நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். பள்ளி மைதானமோ மொட்டை மாடியோ போதும்.
5. திரும்பியதும் காலணியைக் கழற்றி மறுபடி பாதத்தைப் பாருங்கள்.

*கெண்டைக்கால் பிடித்தால்*

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிறதா? குழாய் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். முதலில் பரிசோதனை. மருத்துவர் நடக்கலாம் என்றபின், வலி வந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். வலி பாதி அளவு வரும்வரை நடங்கள், நின்று முற்றிலும் அடங்கவிடுங்கள், மறுபடி நடங்கள். ஓய்வையும் சேர்த்து முப்பது நிமிடத்தில் தொடங்கி நாற்பத்தைந்துக்குப் போங்கள். வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம். அதற்குள் நிற்காமல் நடக்கும் தூரம் கூடுவதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

படுத்திருக்கும்போதே வலி, காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் நிம்மதி, விரல் கறுப்பது, ஆறாத புண்: இவற்றில் எது இருந்தாலும் நடை கிடையாது. அன்றே மருத்துவமனை.

*மிஷினில் உட்கார்ந்தபடி*

தையல் பிரிவில் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்குக் காலை நடை மட்டும் போதாது. அரை மணிக்கு ஒருமுறை எழ முடிந்தால் எழுங்கள். சூப்பர்வைசர் முறைப்பார் என்றால் உட்கார்ந்தபடியே குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள், பிறகு விரல்களை. டீ இடைவேளையின் கடைசி மூன்று நிமிடம் நடப்பதற்கு. வாரம் இரண்டு நாள், வீட்டில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருதலும், சுவரைத் தள்ளும் பயிற்சி பத்து முறையும் போதும். மூச்சை அடக்காதீர்கள்.

பாதுகாப்பு: இதை வெட்டி டிபன் டப்பாவோடு வையுங்கள்

1. நடக்கும் முன் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்து, நீங்கள் இன்சுலினோ அதைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர் என்றால், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு நடங்கள். 300-க்கு மேல் இருந்தால் அன்று ஓய்வு.
2. தொடையில் இன்சுலின் போட்டவுடன் நடக்கக் கூடாது. அன்று வயிற்றில் போடுங்கள்.
3. நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி: உட்காருங்கள். குளுக்கோஸ் பொடி மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி. வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனி வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.
4. மார்பு அழுத்தம், தாடை வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு, சர்க்கரை தாழாமலே குளிர்ந்த வியர்வை: 108. சர்க்கரை உள்ளவருக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரும், "கேஸ்" என்று சோடா குடித்து நேரம் கடத்தாதீர்கள்.
5. காலில் புண் இருக்கும்வரை நடை நிறுத்தம். உட்கார்ந்து கைக்குச் செய்யும் பயிற்சிகள் போதும்.

பீடி, சிகரெட், ஹான்ஸ் இவற்றைப் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. அதுவரை ஒன்று: மேலே உள்ள எல்லாவற்றையும் செய்துகொண்டே பீடி பிடித்தால், நடந்து விரித்த குழாயை நீங்களே சுருக்குகிறீர்கள்.

நாளைக் காலை நடக்கப் போக வேண்டாம். இன்றிரவு வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிப் படுத்து, அந்த ஆறு விரல் நுனிகளையும் தொடச் சொல்லுங்கள்.